வினவும் உரிமை: தாதியர் கல்வியில் ஆராய்ச்சி வளர்ந்த வரலாறு

தாதியர் பயிற்சி பெறும் மாணவருக்கு ஆராய்ச்சி முறையை எங்ஙனம் கற்பிப்பது என்ற வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குப் பாடத்திட்டக் குழுவினர் கூடியிருந்து தீர்க்கவேண்டிய சிறு விடயமாகத் தோன்றக்கூடும். எத்தனை மணித்தியாலம் ஒதுக்குவது, எந்த நூலை விதிப்பது, இறுதியாண்டு ஆய்வேடு எத்தனை பக்கம் இருக்கவேண்டும் என்பவற்றோடு காரியம் முடிந்துவிடுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். அதனால் விளைவது யாது? கருதுகோள் என்றால் என்ன, மாதிரி எடுத்தல் எத்தனை வகைப்படும் என்று மாணவர் வரைவிலக்கணங்களை மனனஞ் செய்கின்றனர். முன்னையோர் பயன்படுத்திய வினாக்கொத்து ஒன்றைச் சிறிது மாற்றி வழங்குகின்றனர். அட்டவணைகள் சில அமைத்து, ஆய்வேட்டைக் கட்டி ஒப்படைக்கின்றனர். மறுநாள் வாட்டுக்குச் சென்றதும், நேற்றுவரை எது எவ்வாறு செய்யப்பட்டதோ அது அவ்வாறே செய்யப்படுகிறது. ஆய்வேடு நூலக அலுமாரியில் தூங்குகிறது.

இந்நிலைக்கு மாணவரின் சோம்பலையோ ஆசிரியரின் திறமையின்மையையோ காரணங்காட்டுதல் எளிது. ஆனால் வரலாறு வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. ஆராய்ச்சி என்பது அடிப்படையில் வினவுதலாகும். “இதனை ஏன் இவ்வாறு செய்கிறோம்? வேறு விதமாகச் செய்தால் நோயாளிக்கு நன்மை உண்டாகுமா?” என்று கேட்பதே அதன் முதற்படி. ஆனால் தாதித் தொழிலோ, நீண்ட காலம், வினவாதிருத்தலையே ஒழுக்கமாகக் கொண்டு வளர்க்கப்பட்ட தொழில். வினவும் உரிமையைக் கொடாது வினவும் முறையை மட்டும் கற்பிக்க முயல்வதே இன்றுள்ள குறைபாட்டின் வேர். அவ்வுரிமை எவ்வாறு மறுக்கப்பட்டது, எவ்வாறு சிறிது சிறிதாக வென்றெடுக்கப்பட்டது என்பதை நோக்குவோமாயின், கற்பிக்கும் வழியும் தானே புலப்படும்.

1

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய கருணைத் தெய்வமாகவே நமது பாடப்புத்தகங்கள் சித்திரித்து வந்துள்ளன. அச்சித்திரம் பொய்யன்று, ஆயினும் அரைகுறையானது. அவர் கையில் விளக்கு இருந்ததைப்போலவே கணக்கேடும் இருந்தது என்பதைப் பலர் அறியார்.

கிறிமிய யுத்தத்தின்போது, 1854ஆம் ஆண்டு நவம்பரில், 38 தாதியருடன் அவர் துருக்கியின் ஸ்கூட்டாரியிலிருந்த பிரித்தானிய இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். உணவு, உடை, படுக்கை யாவற்றையும் ஒழுங்குபடுத்த அல்லும் பகலும் உழைத்தார். ஆயினும் அம்மாரிகாலத்தில் மரணங்கள் குறையவில்லை, மேலும் பெருகின. 1855 மார்ச்சில் இலண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழுவினர் வைத்தியசாலைக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கி, நீர் வழங்கலையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னரே நிலைமை மாறியது. அந்நாளைய கணக்கின்படி, பெப்ரவரியில் நூற்றுக்கு 42 என்றிருந்த மரண விகிதம் யூன் மாதத்தில் நூற்றுக்கு 2 அளவிற்கு வீழ்ந்தது.

நாடு திரும்பியதும் அம்மையார் செய்த காரியமே நமக்கு முக்கியமானது. புகழ் மாலைகளை ஏற்றுக்கொண்டு ஓய்ந்திருக்க அவரால் முடிந்திருக்கும். அவரோ, பிறப்பு இறப்புப் பதிவுத் துறையில் புள்ளிவிபர வல்லுநராக விளங்கிய வில்லியம் பார் என்பாரின் துணையுடன் மரணக் கணக்குகளை ஆராயத் தொடங்கினார். அந்த யுத்தத்தில் பகைவரின் குண்டுக்கும் காயத்துக்கும் பலியான பிரித்தானியப் படையினர் 5,000க்கும் குறைவானவர். நோயினால் மாண்டோரோ சுமார் 16,000 பேர். இவ்வுண்மையை அரசாங்கத்தார் ஒரே பார்வையில் உணருமாறு, 1858இல் வட்ட வடிவிலான வர்ண வரைபடங்களாக அவர் வெளியிட்டார். அத்தோடும் நிற்கவில்லை. சமாதான காலத்தில் இங்கிலாந்துப் பாசறைகளில் வாழும் போர்வீரரின் மரண விகிதத்தை, அதே வயதுடைய பொதுமக்களின் மரண விகிதத்தோடு ஒப்பிட்டார். பொறுக்கியெடுத்த உடற்கட்டுள்ள இளைஞர், பாசறையில் வாழ்ந்த ஒரே காரணத்தால், பொதுமக்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வீதத்தில் இறந்துகொண்டிருந்தனர். அவ்வாண்டே இலண்டன் புள்ளிவிபரக் கழகம் தனது முதற் பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தது.

இதனுள் ஆராய்ச்சியின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தான் பட்ட பாட்டினாலேயே உயிர்கள் பிழைத்தன என்று எண்ணி மகிழாமல், எண்களிடம் கேட்டறியும் நேர்மை ஒன்று. ஒப்பிடுவதற்கு ஏற்ற மற்றொரு கூட்டத்தைத் தேடும் கூர்மை மற்றொன்று. கண்டதை அதிகாரத்திலுள்ளோர் மறுக்கமுடியாதபடி எடுத்துரைக்கும் துணிவு மூன்றாவது.

வினாவை அமைக்கும் கலையையும் அவர் அறிந்திருந்தார். 1859இல் எழுதிய தாதிமை பற்றிய சிறு நூலில், நோயாளியை அவதானித்தல் பற்றி ஓர் அத்தியாயமே வரைந்துள்ளார். “நன்றாகத் தூங்கினாரா?” என்று கேட்பதால் ஒன்றும் விளங்காது என்பது அவர் கருத்து. ஒருவருக்கு நல்ல தூக்கமாகப்படுவது இன்னொருவருக்குக் குறைத் தூக்கம். எத்தனை மணித்தியாலம் தூங்கினார், இரவின் எந்த வேளையில் தூங்கினார் என்று கேட்டாலன்றி உண்மை வெளிப்படாது. இன்று வினாக்கொத்துத் தயாரிக்கும் முறையைப் பல வாரங்கள் விரிவுரை செய்கிறோம். அதன் சாரத்தை ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று ஐந்து நிமிடத்தில் உணர்த்தலாம் என்பதற்கு இவ்வெடுத்துக்காட்டு ஒன்றே போதுமானது.

2

இத்தகைய அறிவுடைய ஒருவர் நிறுவிய பள்ளியிலிருந்து ஆராய்ச்சியாளர் தலைமுறையொன்று தோன்றியிருக்க வேண்டுமல்லவா? தோன்றவில்லை. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளுதல் அவசியம்.

1860 யூலையில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் நைற்றிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நோயாளியை அவதானித்துக் கூறுதல் அங்கு பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆனால் மாதந்தோறும் பயிற்சித் தாதியரை மதிப்பிட்ட படிவத்தில் முதன்மை பெற்றவை நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை முதலிய ஒழுக்க குணங்கள். நல்ல வினாவுக்கு அங்கே புள்ளியில்லை. தாதிக்குப் பக்தியும் கீழ்ப்படிதலும் போதும் என்போரை நைற்றிங்கேலே தமது நூலில் எள்ளி நகையாடியிருக்கிறார். அவ்விலக்கணம் சுமைகூலிக்கும் பொருந்தும், குதிரைக்கும் பொருந்தும் என்பது அவர் கிண்டல். ஆயினும் அவர் பெயர் தாங்கி உலகெங்கும் பரவிய பள்ளிகளிற் பல, அக்கீழ்ப்படிதலையே தலையாய பாடமாகக் கொண்டன.

காரணம் தனிமனிதரிடத்தில் இல்லை. சமூக அமைப்பில் இருந்தது. வசதிபடைத்த குடும்பப் பெண்கள் தம் செலவைத் தாமே செலுத்திப் பயின்று, மேற்றன் முதலிய தலைமைப் பதவிகளுக்குச் சென்றனர். உழைக்கும் வர்க்கத்துப் பெண்கள் சாதாரணப் பயிற்சித் தாதியராய் வாட்டிலே பாடுபட்டனர். மாளிகையில் எசமானிக்கும் பணிப்பெண்ணுக்கும் இருந்த உறவே வைத்தியசாலைக்குள்ளும் வந்து குடியேறியது. அவற்றுக்கு மேலே ஆண் வைத்தியரின் அதிகாரம். மலிவான உழைப்பை வேண்டிய வைத்தியசாலை நிருவாகத்துக்கு, வினாக் கேட்கும் தாதி தொல்லையாகவே தோன்றினாள்.

1891இல், புள்ளிவிபரத்தைச் சமூக நலனுக்குப் பயன்படுத்தும் கலையைக் கற்பிக்க ஒக்ஸ்போட்டில் ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்த நைற்றிங்கேல் முயன்றார். பிரான்சிஸ் கால்ற்றனுடன் கடிதத்தொடர்பு கொண்டார். அரசாங்கத்தின் கையில் கணக்குகள் குவிந்திருந்தும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இல்லையே என்பது அவரது ஆதங்கம். அம்முயற்சி கைகூடவில்லை.

3

இருபதாம் நூற்றாண்டில் களம் அமெரிக்காவுக்கு மாறியது. தாதியர் கல்வியை வைத்தியசாலையின் பிடியிலிருந்து விடுவித்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லும் இயக்கம் அங்கே வலுப்பெற்றது. 1899இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் தாதியர் தலைவிகளுக்கான வகுப்புத் தொடங்கியது. 1907இல் அங்கே அடிலெய்ட் நட்டிங் உலகின் முதற் தாதியர் துறைப் பேராசிரியரானார். 1923இல் வெளியான ஜோசப்பின் கோல்ட்மார்க்கின் அறிக்கை, பயிற்சி என்ற பெயரில் மாணவியரின் உழைப்பு எவ்வாறு சுரண்டப்படுகிறது என்பதை அம்பலப்படுத்தியது. கற்பதற்கென வந்தவர்கள் வைத்தியசாலையின் ஆட்குறையை நிரப்பும் வேலையாட்களாக இருந்தனர். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவளிடம் சிந்தனையை எதிர்பார்ப்பது எங்ஙனம்? அவ்வாண்டே யேல் பல்கலைக்கழகத்தில், மாணவியரின் உழைப்பில் தங்கியிராத தாதியர் பள்ளியொன்று உதயமாயிற்று. 1952இல் தாதியர் ஆராய்ச்சிக்கெனத் தனிச் சஞ்சிகையும் தோன்றியது.

ஆனால் பல்கலைக்கழகத்தின் வாயில் திறந்தமை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. 1950களில், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்த வேர்ஜீனியா ஹென்டர்சன் அம்மையார் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். தாதியைப் பற்றிய ஆய்வுகள் மலிந்திருந்தன: அவள் ஏன் இத்தொழிலுக்கு வந்தாள், அவளது மனப்பான்மை யாது என்றெல்லாம் ஆராய்ந்திருந்தனர். தாதி செய்யும் வேலையைப் பற்றிய ஆய்வுகளோ மிகச் சில. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு எது நன்மை தருகிறது என்ற வினா ஏறக்குறையக் கேட்கப்படாமலே கிடந்தது. கல்வியியல், உளவியல், சமூகவியல் ஆகிய துறைகளில் பயின்றவர்கள் அத்துறைகளின் வினாக்களையே கடன் வாங்கி வந்தமையால் நேர்ந்த விளைவு இது. “அறிவும் மனப்பாங்கும்” என்ற தலைப்பிலே தாதியருக்கும் மாணவருக்கும் வினாக்கொத்துக் கொடுத்து முடிக்கப்படும் இன்றைய ஆய்வேடுகளை நோக்கும்போது, ஹென்டர்சனின் முறைப்பாடு பழங்கதையாகிவிட்டது என்று கூறத் துணிய முடியவில்லை.

4

வினா நோயாளியின் கட்டிலுக்குத் திரும்பியதன் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் நிகழ்ந்தது.

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு அது வந்தால் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றமே என்று நைற்றிங்கேல் எழுதியிருந்தார். நல்ல நோக்கத்தோடு கூறப்பட்ட இக்கருத்து, காலப்போக்கில் தாதியைக் கண்டிக்கும் பிரம்பாயிற்று. புண் கண்டால் தாதிக்கு ஏச்சு. ஏச்சுக்கு அஞ்சிய தாதியர் சாராயம், சவர்க்காரம், பலவகைப் பூச்சுமருந்துகள் ஆகியவற்றை முதுகிலே தேய்த்துவந்தனர். எது பயன் தருகிறது என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாட்டுக்கும் ஒரு சம்பிரதாயம் இருந்தது.

டொறீன் நோட்டன் என்ற தாதி, றோடா மக்லாறன் என்ற மற்றொரு தாதியுடனும் எக்ஸ்ரன்-ஸ்மித் என்ற வைத்தியருடனும் சேர்ந்து, முதியோர் வாட்டுகளில் இதனை ஆராய்ந்தார். 1962இல் அவ்வாய்வு வெளியாயிற்று. 250 முதியோரை அவர்கள் தொடர்ந்து அவதானித்தனர். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் ஆற்றல், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை புள்ளியிட்டனர். மொத்தம் 20, பதினான்கும் அதற்குக் குறைவும் பெற்றவர் ஆபத்துக்குள்ளானவர். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பென்சிலும் கடதாசியும் போதும். புண்களிற் பெரும்பாலானவை அனுமதிக்கப்பட்ட முதல் இரு வாரங்களிலேயே தோன்றின என்பதையும் கண்டனர். பூச்சுமருந்தைவிட, நோயாளியைக் காலந்தவறாமல் புரட்டிப் படுக்கவைப்பதே காக்கும் என்பதும் தெளிவாயிற்று. குற்றம் யாருடையது என்ற விசாரணை, எவருக்கு ஆபத்து, எது தடுக்கும் என்ற ஆராய்ச்சியாக மாறிய இடம் இது.

அடுத்த பத்தாண்டில் றோயல் தாதியர் கல்லூரி வெளியிட்ட ஆய்வுகள் இவ்வழியைத் தொடர்ந்தன. சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளிகள் தேவைக்கும் அதிகமான நேரம் பட்டினி கிடக்கின்றனர் என்பதை 1972இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் பெலிசிற்றி ஸ்டொக்வெல், தாதியரால் விரும்பப்படாத நோயாளிகள் யாவர் என்று ஆராய்ந்தார்; அந்நிய நாட்டவர், நெடுநாள் கிடையாய்க் கிடப்பவர், அடிக்கடி முறையிடுபவர் ஆகியோரே அவர்கள் என்ற கசப்பான உண்மை வெளிவந்தது. சத்திரசிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே விளக்கம் பெற்ற நோயாளிகளுக்கு வேதனை குறைகிறது என்பதை 1975இல் ஜக் ஹேவார்ட் எடுத்துக்காட்டினார். இவையாவும் வாட்டிலே நாள்தோறும் கண்முன் நடப்பவை. நடப்பதைக் கண்டு வினவினர், அவ்வளவே.

தாதித்தொழில் ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டதாக மாறவேண்டும் என்று 1972இல் பிரித்தானிய அரசாங்கக் குழுவொன்று விதந்துரைத்தது. அதன் தலைவர் ஏசா பிறிக்ஸ் வைத்தியரல்லர், தாதியுமல்லர். அவர் ஒரு சமூக வரலாற்றாசிரியர் என்பது மனங்கொளத்தக்கது.

5

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியர்கள் பெறத்தக்க படிப்பினைகள் யாவை?

முதலாவது, வரைவிலக்கணத்திலிருந்து தொடங்காமல் வாட்டிலிருந்து தொடங்கவேண்டும். முதல் வாரத்திலேயே மாணவர் ஒவ்வொருவரும், தாம் கண்ட பழக்கமொன்றைக் குறித்து, “இது ஏன்?” என்று எழுதிவரட்டும். அவ்வினாவை யாருக்கு, எதைச் செய்தால், எதனோடு ஒப்பிட, என்ன விளைவு என்று நான்கு கூறாகப் பிரித்துச் செப்பனிடப் பழக்கவேண்டும். தூக்கத்தைப் பற்றிக் கேட்கும் முறையை நைற்றிங்கேல் திருத்தியதும் இவ்வழியிலேதான்.

இரண்டாவது, எண்ணப் பழக்கவேண்டும். ஒரு வாட்டில் ஒரு வாரத்தில் எத்தனை தடவை நோயாளிகள் புரட்டிப் படுக்கவைக்கப்பட்டனர், கைகழுவும் தொட்டியில் சவர்க்காரம் எத்தனை நாள் இருந்தது என்பன போன்ற எளிய கணக்குகளை ஐவர் அறுவர் கூடிச் சேகரிக்கலாம். தாம் சேகரித்த இருபது எண்களிலிருந்து சராசரியைக் கண்ட மாணவர், பாடநூலின் சூத்திரத்தைக் கண்டு அஞ்சமாட்டார். ஒருவர் எண்ணியதை மற்றொருவரும் தனித்து எண்ணி இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால், அளவையின் நம்பகம் என்ற பாடம் விரிவுரையின்றியே விளங்கிவிடும். இத்தகைய பயிற்சியிலும் நோயாளியின் சம்மதமும் அந்தரங்கமும் காக்கப்படவேண்டும் என்பதை மாணவர் அப்போதே கற்றுக்கொள்வர்.

மூன்றாவது, ஆய்வுக் கட்டுரைகளைக் கூடியிருந்து வாசிக்கவேண்டும். 1875ஆம் ஆண்டளவில் மொன்றியலில் வில்லியம் ஒஸ்லர் வைத்தியர்களுக்காக ஏற்படுத்திய சஞ்சிகை வாசிப்புக் கழகம் இன்றும் உயிருடன் இருக்கும் முறை. மாதம் ஒரு கட்டுரை போதும். ஆனால் புகழ்வதற்காக வாசித்தலாகாது. இம்முடிவு நமது வாட்டுக்குப் பொருந்துமா என்று வழக்காடுவதற்காக வாசிக்கவேண்டும்.

நான்காவது, கண்ட முடிவை வாட்டுக்கே திருப்பிக் கொண்டுசெல்லவேண்டும். பொறுப்புத் தாதியும் வைத்தியரும் அமர்ந்திருக்க, முதலாண்டு மாணவி எழுந்து தான் எண்ணியதைக் கூறும் அந்தப் பத்து நிமிடம், நூறு பக்க ஆய்வேட்டைவிட அதிகம் கற்பிக்கும். அவளுக்கு மட்டுமன்று, அவர்களுக்குந்தான்.

இவை வெறும் விருப்பங்கள் அல்ல. பட்டம் பெற்ற வைத்தியருக்கு ஆய்வுச் சான்றுகளைப் பயன்படுத்தக் கற்பித்த 23 ஆய்வுகளைச் சீர்தூக்கிய கட்டுரையொன்று 2004இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. தனி வகுப்பாகக் கற்பித்தபோது அறிவு மட்டும் கூடியது. நோயாளிகளைப் பார்க்கும் வேலையோடு இணைத்துக் கற்பித்தபோது அறிவோடு திறனும், மனப்பாங்கும், நடத்தையும் மாறின என்பது அதன் முடிவு. வைத்தியருக்கு உண்மையாவது தாதியருக்கு மட்டும் பொய்யாகிவிடாது.

6

நமது நாட்டைச் சற்று நோக்குவோம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பேராதனை, சிறீ ஜயவர்த்தனபுர, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களும் அவ்வழியிற் சென்றன. ஆராய்ச்சி பாடமாகிவிட்டது, வாயில் திறந்துவிட்டது. ஆனால் அமெரிக்க அனுபவம் நமக்கு உணர்த்துவதுபோல, வாயில் திறந்தால் மட்டும் வினா பிறந்துவிடாது.

இங்கே மொழிப் பிரச்சினையும் உண்டு. மாணவி ஆங்கிலத்தில் படிக்கிறாள். தமிழிலோ சிங்களத்திலோ சிந்திக்கிறாள். நோயாளியோ தோட்டத்துப் பேச்சிலும் கிராமத்துப் பேச்சிலும் தன் நோவைச் சொல்கிறார். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த வினாக்கொத்து அந்த நோவைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென நூல்களை மொழிபெயர்த்தார், கலைச்சொற்களைத் திரட்டினார். அவரது சமய நோக்கத்தோடு நாம் உடன்படவேண்டியதில்லை. ஆனால் மக்களின் மொழியில் விஞ்ஞானம் வழங்கமுடியும் என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் செய்து காட்டினார். ஆங்கில நூலை வாசிக்கும் ஆற்றல் மாணவருக்கு அவசியமே. ஆயினும் முதல் வினாவைத் தாய்மொழியில் எழுதவும், நோயாளியின் விடையை அவரது சொல்லிலேயே பதியவும் இடமளிப்பது ஆசிரியரின் கடமை.

இறுதியாக ஒன்று. ஆராய்ச்சி நோயாளிக்கு மட்டுமன்றித் தாதிக்கும் ஆயுதமாகும். “ஆள் போதாது, வேலைப்பளு தாங்கமுடியவில்லை” என்று தாதியர் காலங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். அது சோம்பேறிகளின் புலம்பல் என்று ஒதுக்கப்பட்டும் வந்தது. அமெரிக்காவில் லின்டா எய்க்கன் என்ற தாதியும் அவர்தம் குழுவினரும், பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் கூடியிருந்தது. புலம்பல் என்று ஒதுக்கப்பட்டது உயிர்க்கணக்காக மாறியது. அதன்பின் அதனை ஒதுக்குவது எளிதாக இருக்கவில்லை.

ஆகவே, தாதியர் மாணவருக்கு ஆராய்ச்சி கற்பிப்போர் தமது வகுப்பறையில் முதலில் சோதிக்கவேண்டியது பாடத்திட்டத்தை அன்று. அங்கே மாணவர் ஆசிரியரை நோக்கி “ஏன்?” என்று அஞ்சாது கேட்க முடிகிறதா என்பதையே சோதிக்கவேண்டும். முடியுமாயின் மீதியைக் கற்பிக்கலாம். முடியாதாயின், அங்கே உருவாகும் ஆய்வேடுகள் எத்துணை அழகாகக் கட்டப்பட்டிருப்பினும், 1860ஆம் ஆண்டின் ஒழுக்கப் படிவத்தையே நாம் இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.